ஆர்.எஃப்.இ.க்குப் பதில் அனுப்பியாச்சு, அப்புறம்?

கூரியர் கடையில் அந்தக் கனத்த உறையைக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது பெரிய நிம்மதியாக இருக்கும். அது இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் காலையில் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் உங்கள் மனுவின் ரசீது எண்ணைப் போட்டுப் பார்ப்பீர்கள். ஒன்றும் மாறியிருக்காது. அன்று ராத்திரியே ஊரிலிருந்து போன் வரும்: "என்னங்க, ஏதாவது சொன்னாங்களா?"

அந்த மூன்றாம் நாளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நீங்கள், ஊரில் இருக்கும் கணவனையோ மனைவியையோ கிரீன் கார்டில் அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற உறவு மனு போட்டீர்கள். பல மாதம் கழித்து, "இந்தச் சான்றுகள் போதாது, இன்னும் காட்டுங்கள்" என்று ஆர்.எஃப்.இ. கடிதம் வந்தது. கேட்டதையெல்லாம் அடுக்கி அனுப்பிவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

நான் வக்கீல் இல்லை. இதே வழியில் ஒருமுறை நடந்தவன், பிறகு சில நண்பர்களுக்கு ஃபைல் அடுக்கிக் கொடுத்தவன். அதில் நான் கண்டது இதுதான்: பதில் அனுப்பிய பிறகு மனுவை வேகப்படுத்த நம்மால் ஆவது மிகக் குறைவு, கெடுத்துக்கொள்ளத்தான் நிறைய வழி இருக்கிறது. ஆனால் மனு பாஸான பிறகு வரப்போகும் அடுத்த கட்டத்தை இந்த நாட்களில் உட்கார்ந்து நன்றாகவே சுருக்கிவிடலாம்.

முதலில், போய்ச் சேர்ந்ததா?

ஆர்.எஃப்.இ.க்கு அதிகபட்சம் 84 நாள் தருவார்கள். கடிதம் தபாலில் வந்திருந்தால் அமெரிக்காவுக்குள் 3 நாள் கூடுதல். கெடுவை நீட்டிக்க வழியே கிடையாது. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கெடு தேதிக்குள் நீங்கள் அனுப்பியிருந்தால் போதாது, அவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி நாளில் தபால் முத்திரை குத்தி வாங்கியதால் பயனில்லை.

ஆகவே முதல் வேலை, கூரியர் டிராக்கிங்கில் எந்த நாளில், யார் பெயரில் கையெழுத்தாகிப் பெறப்பட்டது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை பி.டி.எஃப்.ஆகச் சேமிப்பது. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் கூரியர் தளத்திலிருந்தே மறைந்துவிடும். "பதில் வரவில்லை" என்று ஒருவேளை ஒரு கடிதம் வந்தால், அந்த ஒரு தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

உறை போய்ச் சேர்ந்த அன்றே தளத்தில் ஸ்டேட்டஸ் மாறாது. அஞ்சல் பிரிவில் பிரித்து, உங்கள் கேஸோடு சேர்த்த பிறகுதான் "கூடுதல் சான்று கேட்டதற்கான பதில் வந்து சேர்ந்தது" என்ற பொருளில் ஒரு வரி வரும். அதற்குச் சில நாள் ஆகலாம், ஓரிரு வாரமும் ஆகலாம். இணையக் கணக்கு வழியாகவே பதிலைப் பதிவேற்றியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே உடனே பதிவாகிவிடும். தபாலில் அனுப்பி மூன்று வாரம் தாண்டியும் ஸ்டேட்டஸ் அசையவில்லை என்றால் 800-375-5283 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முதலில் இயந்திரக் குரல்தான் பேசும். ஆள் வரும்வரை பொறுமையாக இருங்கள். டிராக்கிங் எண்ணையும் ரசீது எண்ணையும் எதிரில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ரசீது எண் என்பது மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்டது. ஐ.ஓ.இ. என்று தொடங்கினால் மின்னணு முறையில் கையாளப்படும் கேஸ். எல்.ஐ.என். என்றால் நெப்ராஸ்கா மையம், எஸ்.ஆர்.சி. என்றால் டெக்சாஸ், டபிள்யூ.ஏ.சி. என்றால் கலிஃபோர்னியா. எழுத்தை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம். கேஸ்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சாதாரணம். எண் மட்டும் பழையதாகவே இருக்கும்.

அனுப்பியதன் முழு நகல் உங்களிடம் இருக்கிறதா?

நான் செய்த பெரிய தப்பு இதுதான். கெடு நெருங்கும் அவசரத்தில் படங்கள், வங்கிக் கணக்கு விவரம், உறவினர்களின் அஃபிடவிட் எல்லாவற்றையும் அடுக்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். எதை எந்த வரிசையில் வைத்தேன் என்பதே மறந்துபோனது. பல மாதம் கழித்து என் மனைவி இன்டர்வியூவுக்குப் போகும் நேரத்தில், நான் என்னென்ன அனுப்பினேன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மனுவில் ஒரு தேதியும் வாயில் ஒரு தேதியும் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே அந்த வாரம் போனது.

நீங்கள் நகல் எடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கணினியில் மிச்சமிருக்கும் ஸ்கேன்களை வைத்து இன்றே அதே வரிசையில் ஒரு கோப்பை உருவாக்கி, ஊரில் இருப்பவருக்கும் அனுப்புங்கள். முதலில் போட்ட ஐ-130, துணையின் விவரங்களுக்கான ஐ-130ஏ படிவங்களின் நகலும் அதில் இருக்கட்டும். எல்லாமே தொலைந்துவிட்டது என்றால் உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு அரசிடம் தகவல் உரிமை விண்ணப்பம் போடலாம். அதையும் இணையத்திலேயே செய்யலாம்.

அப்புறம் இருவரும் ஒருநாள் வீடியோ காலில் உட்கார்ந்து அந்தக் கோப்பை முழுக்கப் படித்துவிடுங்கள். முதலில் சந்தித்த தேதி, நிச்சயதார்த்தம் நடந்த இடம், கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர்கள். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்திருப்பது என்ன என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது உறை வேண்டாம்

பதில் அனுப்பிய ஒரு வாரத்தில் யாருக்குமே ஒரு யோசனை வரும். "அடடா, பெரியப்பா கொடுத்த அஃபிடவிட்டை வைக்க மறந்துட்டோமே, அதைத் தனியா அனுப்பிடலாமா?"

விதி இங்கே கறாரானது. ஆர்.எஃப்.இ.க்கான பதில் முழுவதும் ஒரே தடவையில் போக வேண்டும். பாதியை அனுப்பினால், "இருப்பதை வைத்தே முடிவு சொல்லுங்கள்" என்று நீங்களே கேட்டுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். தபாலில் தனியாக வரும் இரண்டாவது உறை உங்கள் கேஸோடு சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சேர்ந்தாலும் அதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. இணையக் கணக்கில் கேட்காமலே சான்று பதிவேற்றும் வசதி உண்டு. அதையும் பெரியப்பா அஃபிடவிட்டுக்காகத் தொடாதீர்கள். குழந்தை பிறந்தது, நீங்கள் குடியுரிமை பெற்றது போன்ற உண்மையான மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்களை எப்படி எண்ணுவது

பதில் கிடைத்ததைச் சொல்லும் ஸ்டேட்டஸில் பெரும்பாலும் 60 நாள் என்ற எண் வரும். அதைப் பிடித்துக்கொண்டு 61-ஆம் நாள் காலையில் நெஞ்சு படபடக்க வேண்டாம். 60 நாளுக்குள் முடிந்த கேஸும் உண்டு, அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனதும் உண்டு. அந்த எண்ணை, விசாரிக்கத் தொடங்கலாம் என்பதற்கான ஒரு குறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஆர்.எஃப்.இ. இரண்டு வகை. மனுவோடு கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஆவணம், உதாரணமாகத் திருமணச் சான்றிதழே, இல்லாமல் போயிருந்தால் உங்கள் பதில் வந்து சேர்ந்த நாளிலிருந்து பரிசீலனைக் கடிகாரம் புதிதாக ஓடும். எல்லாம் இருந்தது, உறவு உண்மையானது என்பதற்கு இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால், நின்ற இடத்திலிருந்து கடிகாரம் தொடரும். உங்கள் ஆர்.எஃப்.இ. எந்த வகை என்று அந்தக் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். மற்றவர்களின் நாட்களோடு உங்கள் நாட்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது பாதி புரிந்துவிடும்.

தளத்தில் பரிசீலனைக் காலம் பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. படிவம் ஐ-130 என்று தேர்ந்தெடுத்து, மனு போட்டவர் குடிமகனா கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்பதைச் சரியாகக் குறிக்க வேண்டும். அங்கே உங்கள் ரசீது தேதியைக் கொடுத்தால், எந்த நாளுக்குப் பிறகு "எங்கள் கேஸ் தாமதமாகிறது" என்று முறையாகக் கேட்கலாம் என்று காட்டும். அந்த நாளைச் சுவர்க் காலண்டரில் வட்டமிடுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பார்த்தால் போதும். நானும் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தவன்தான். இரண்டு மணிக்குப் பார்த்ததால் எதுவும் நகரவில்லை.

ஐ-130-க்குக் கூடுதல் பணம் கட்டி வேகப்படுத்தும் பிரீமியம் வசதி கிடையாது. "என் ஆபீஸ் விசா 15 நாளில் வந்ததே" என்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகவரி

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் கேஸ்களைக் கவிழ்ப்பதில் இதற்குத்தான் முதலிடம். வாடகை ஒப்பந்தம் முடிந்தது, அபார்ட்மெண்ட் மாறினீர்கள், தபால் நிலையத்தில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்கள். அடுத்து வரும் 30 நாள் கெடு கடிதம் பழைய கதவில் போய் நிற்கிறது.

வீடு மாறினால் யூ.எஸ்.சி.ஐ.எஸ். இணையக் கணக்கிலேயே முகவரியை மாற்றுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மாறிய 10 நாளுக்குள் தெரிவிப்பது சட்டப்படி கடமை, அதற்கான படிவம் ஏ.ஆர்.-11. அமெரிக்கத் தபால் துறையில் இலவசச் சேவை ஒன்றும் உண்டு. வரப்போகும் உறைகளின் முன்பக்கப் படத்தைக் காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பிவிடும். அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். கூட்டு அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் தபால் பெட்டியில் தங்கள் முழுப் பெயரையும் ஒட்டி வையுங்கள். நம் பெயர்கள் நீளம். தபால்காரருக்கு முதல் எழுத்து மட்டும் போதாது.

இடையில் வாழ்க்கை மாறினால்

குழந்தை பிறந்தால்: குடிமகன் தன் துணைக்குப் போடும் மனுவில் பிள்ளைகள் தாமாகச் சேர்வதில்லை. துணைக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தை இருந்தால் அதற்குத் தனி ஐ-130 போட வேண்டும். உங்களுக்கு ஊரில் பிறக்கும் குழந்தை, நீங்கள் அமெரிக்காவில் போதுமான காலம் வாழ்ந்த குடிமகனாக இருந்தால், பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் குடிமகன் என்றால் அவர் குழந்தை பிறப்பதற்கு முன் 5 ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும், அதில் 2 ஆண்டு 14 வயதுக்குப் பிறகு. அப்படி இருந்தால் அந்தக் குழந்தைக்கு விசாவே வேண்டாம், தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்கினால் போதும்.

கிரீன் கார்டில் இருந்தவர் குடியுரிமை பெற்றால்: நல்ல செய்தி. துணைக்கான மனு எஃப்.2.ஏ. என்ற வரிசையிலிருந்து, ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு இல்லாத நெருங்கிய உறவினர் பிரிவுக்கு மாறும். குடியுரிமைச் சான்றிதழின் நகலோடு உடனே தெரிவியுங்கள். ஆனால் ஒரு சங்கடம். எஃப்.2.ஏ.யில் தாயோடு ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் புதிய பிரிவில் ஒட்டிக்கொள்ள முடியாது, ஒவ்வொருவருக்கும் தனி மனு. குடியுரிமை உறுதிமொழி எடுத்த சந்தோஷத்தில் இதை மறந்து, மனைவிக்கு விசா வந்து பிள்ளை ஊரில் நின்ற குடும்பங்கள் உண்டு.

ஊரில் இருப்பவர் சுற்றுலா விசாவில் வந்துவிட்டுப் போகலாமா? கேட்கலாம், கிடைப்பது கடினம். விண்ணப்பத்திலேயே "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். இல்லை என்று எழுதினால் விசாவைவிடப் பெரியதை இழப்பீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் ஊருக்குப் போய் வாருங்கள். அந்த டிக்கெட்டும் போர்டிங் பாஸும் பாஸ்போர்ட் முத்திரையும் நல்ல சான்று.

துணை ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து, ஐ-130-ஓடு, அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் துக்கம் என்று அவசரமாகக் கிளம்பும் முன், பயண அனுமதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லுபடியாகும் எச்-1பி, எச்-4, எல் விசாவில் திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் அனுமதியில்லாமல் வெளியேறினால் ஐ-485-ஐக் கைவிட்டதாகக் கணக்கு.

சான்று சேர்ப்பதை நிறுத்தாதீர்கள்

ஆர்.எஃப்.இ. பதில் போனதோடு "உறவு உண்மையானதா" என்ற கேள்வி முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். முடியவில்லை. விசா இன்டர்வியூவில் அதே கேள்வி மறுபடி வரும். ஆர்.எஃப்.இ. வந்த கேஸ் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே வரலாம்.

மாதம் ஒரு கோப்புறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்துப் போன் கால் பட்டியலிலிருந்து ஒரு பக்கம், வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணத்தின் ரசீது, இருவரும் பேசிய சாட்டில் சாதாரணமான இரண்டு மூன்று பக்கம். சாதாரணமானது என்பதை அழுத்திச் சொல்கிறேன். "ஐ லவ் யூ" நூறு பக்கத்தைவிட, "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, மாமாவுக்கு ஷுகர் மாத்திரை வாங்கிட்டேன்" என்பதுதான் ஒரு குடும்பம் போலத் தெரியும். எல்.ஐ.சி. பாலிசியிலும் பி.எஃப். கணக்கிலும் நாமினி இன்னும் அம்மா பெயரிலேயே இருக்கிறதா? அதை மாற்றுவதற்கு இதுதான் நேரம். அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

படங்களுக்குக் குறிப்பு எழுதுங்கள். தாலி கட்டும் படத்தில் பின்னால் நிற்கும் பன்னிரண்டு பேரில் யார் மாமன், யார் சித்தி என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தேதி, ஊர், இடமிருந்து வலமாகப் பெயர், உறவு. நாங்கள் முதல் மனுவில் ஆல்பத்திலிருந்து நாற்பது படம் வைத்தோம், ஒன்றுக்கும் குறிப்பில்லை. சான்று போதாது என்று கேட்டதில் வியப்பென்ன இருக்கிறது?

வரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். துணை இந்தியாவில்தானே இருக்கிறார் என்று நினைத்து, தாக்கல் செய்யும்போது "தனியாள்" என்று குறித்தவர்கள் நிறையப் பேர். ஆண்டின் கடைசி நாளில் திருமணமாகி இருந்தீர்கள் என்றால் அது தப்பு. ஒரு பக்கம் கல்யாணமானவன் என்று மனு, இன்னொரு பக்கம் தனியாள் என்று வரி. "திருமணமானவர், தனித்தனியாகத் தாக்கல்" என்பதுதான் பலருக்குப் பொருந்தும். துணைக்கு வரி அடையாள எண் வாங்கி, அவரையும் வரி விஷயத்தில் அமெரிக்கவாசியாகக் கருதச் சொல்லிக் கூட்டாகவும் தாக்கல் செய்யலாம். ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தலாம். அடுத்த கட்டத்தில் வரிப் பத்திரங்களைக் கேட்பார்கள், அதற்குள் இது நேராகியிருக்க வேண்டும்.

நம் பெயர்களின் தலையெழுத்து

தமிழர்களுக்கு மட்டும் என்றே தனியாக ஒரு தொல்லை: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "ப. செல்வி". பாஸ்போர்ட்டில் "செல்வி பழனிசாமி". திருமணப் பதிவில் "செல்வி மு." என்று கணவர் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் வேறு ஸ்பெல்லிங். நமக்கு நான்கும் ஒரே ஆள். பார்க்கும் அதிகாரிக்கு நான்கு பேர்.

காத்திருக்கும் காலத்தில் ஒரு தாள் எடுத்து, இருவரின் எல்லா ஆவணங்களிலும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எழுதி வையுங்கள். இனிஷியல் என்பது தகப்பன் அல்லது கணவர் பெயரின் முதலெழுத்து, நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்று இரண்டு வரி விளக்கமும் அதில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் கவனம். அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் "எஃப்.என்.யு.", அதாவது முன்பெயர் தெரியாது, என்று அச்சிட்டுவிடுவார்கள். அப்புறம் கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும். பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

என்.வி.சி.க்கு இப்போதே ஃபைல் போடுங்கள்

மனு பாஸானதும் கேஸ் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்குப் போகும். எல்லோரும் என்.வி.சி. என்பார்கள். அங்கே விசா விண்ணப்பக் கட்டணம் 325 டாலர், ஆதரவு உறுதிமொழிக்கான கட்டணம் 120 டாலர், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். பிறகு டி.எஸ்.-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், துணையைத் தாங்கிக்கொள்ள வருமானம் இருக்கிறது என்று காட்டும் ஐ-864 ஆதரவு உறுதிமொழி, ஆவணங்களின் ஸ்கேன். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பிவிடுவார்கள். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆர்.எஃப்.இ.யில் இழந்த மாதங்களை மீட்கும் இடம் இதுதான்.

திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். கோவிலிலோ மண்டபத்திலோ கொடுத்த ரசீது பக்கபலம் மட்டுமே. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவருக்கும் பதிவு கட்டாயம். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் தயங்க வேண்டாம். 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி ஐயர் இல்லாத திருமணமும் முழுச் சட்டத் திருமணம்தான். சடங்குப் படம் எங்கே என்று யாராவது கேட்டால், அந்தப் பிரிவைச் சொல்லி மாலை மாற்றிய படத்தைக் காட்டலாம்.

பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்கலாம். பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றும் பள்ளிச் சான்றிதழும் பெற்றோரின் அஃபிடவிட்டும் தேவைப்படும். இதற்கு ஊரில் அலைச்சல் அதிகம், அதனால் இதை முதலில் தொடங்குங்கள்.

முந்தைய திருமணம் யாருக்காவது இருந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய விலக்குச் சீட்டை நம்பி உட்காராதீர்கள்.

தமிழில் மட்டும் இருக்கும் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், "இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். நீங்களே உங்கள் ஆவணத்தை மொழிபெயர்க்காமல் நண்பரிடம் கொடுங்கள்.

போலீஸ் சான்று, அதாவது பி.சி.சி., இதில் மட்டும் அவசரம் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதானால் ஏற்க மாட்டார்கள். மனு பாஸான பிறகு பாஸ்போர்ட் சேவா மையத்தில் வாங்கினால் போதும். ஆனால் சிங்கப்பூரிலோ துபாயிலோ சவுதியிலோ 16 வயதுக்குப் பிறகு ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள், அந்த நாட்டுச் சான்றை ஊரிலிருந்தபடி எப்படி வாங்குவது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஐ-864-க்கு உங்கள் வருமானம், குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். வரித்துறையிலிருந்து கணக்கின் நகலை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வருமானம் குறைந்தால் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அந்த ஆளிடம் இப்போதே பேசி வையுங்கள். அடுத்தவர் வரிப் பத்திரத்தை அவசரத்தில் கேட்பது சங்கடமான காரியம்.

நீண்டுகொண்டே போனால்

காலண்டரில் வட்டமிட்ட நாள் தாண்டியதும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் "வழக்கமான காலத்தைத் தாண்டியது" என்ற பிரிவில் விசாரணை போடுங்கள். வரும் பதில் சில சமயம் வெறும் வாய்ப்பாடாக இருக்கும். பரவாயில்லை, அது ஒரு பதிவு.

அதிலும் அசையவில்லை என்றால் உங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம். மனு போட்டவர் கிரீன் கார்டுக்காரராக இருந்தாலும் கேட்கலாம். தகவல் வெளியிடச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அவர்கள் உங்கள் சார்பில் விசாரிப்பார்கள். பாஸ் பண்ணச் சொல்லி உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கோப்பு எங்கேயோ கிடந்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், அதுவே பெரிய காரியம்.

விரைவுபடுத்தும் கோரிக்கை என்று ஒன்று உண்டு. கடும் நோய், பெரும் பண இழப்பு போன்றவற்றுக்குச் சான்றோடு கேட்க வேண்டும். பிரிந்திருப்பது வலிதான், ஆனால் அது மட்டுமே காரணமாக எடுபடாது. கடைசிப் படி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாண்டமஸ் வழக்கு. நீதிமன்றக் கட்டணம் மட்டும் 405 டாலர், வக்கீல் செலவு தனி. அதில் கிடைப்பது "முடிவு சொல்" என்ற அழுத்தம். அந்த முடிவு நிராகரிப்பாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிட்டு வழக்குப் போடாதீர்கள்.

"உள்ளே ஆள் இருக்கிறார், பாஸ் பண்ணித் தருகிறோம்" என்று சென்னையிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறை போனில் கூப்பிட்டுக் கட்டணமோ பரிசு அட்டையோ கேட்காது.

வரக்கூடிய கடிதங்கள்

இன்னொரு ஆர்.எஃப்.இ. வரலாம், அபூர்வம். மனு போட்டவரை இன்டர்வியூவுக்கு அழைக்கலாம். பயப்பட வேண்டிய கடிதம் என்.ஓ.ஐ.டி. நிராகரிக்க எண்ணியிருக்கிறோம், ஏன் கூடாது என்று சொல்லுங்கள் என்பது அதன் பொருள். கெடு அதிகபட்சம் 30 நாள். இது வந்த அன்றே குடியேற்றச் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் போங்கள், நண்பர்களிடம் ஆலோசனை கேட்பதை அதோடு நிறுத்துங்கள்.

நிராகரிப்பு வந்தாலும் காரணத்தைப் படியுங்கள். சான்று போதாது என்பதுதான் காரணம் என்றால், நல்ல ஃபைலோடு புதிதாக மனு போடலாம். பல சமயம் அது மேல்முறையீட்டைவிட வேகம். மேல்முறையீடு போவதானால் 30 நாள் கெடு. கடிதத்தில் மோசடித் திருமணம் என்ற சொல் எங்காவது இருந்தால் கதையே வேறு. அந்த முத்திரை விழுந்தால் பிறகு யார் மனு போட்டாலும் பாஸாகாது. அதை எதிர்க்காமல் புது மனு போடுவது வீண்.

பெரும்பாலோருக்கு வருவது பாஸான கடிதம். உடனே ஊருக்குப் போன் போடுவீர்கள், போடுங்கள். போனை வைத்த பிறகு கடிதத்தை மறுபடி எடுத்து நான்கு விஷயம் பாருங்கள். துணையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கிறதா? பிறந்த தேதி சரியா? மனைவி அல்லது கணவன் என்ற பிரிவு சரியாகக் குறித்திருக்கிறதா? கேஸ் என்.வி.சி.க்குப் போகிறது என்று எழுதியிருக்கிறதா? எழுத்துப் பிழை இருந்தால் அன்றே தளத்தில் திருத்தக் கோரிக்கை போடுங்கள்.

திருமணமாகி இரண்டு ஆண்டு ஆவதற்குள் அமெரிக்காவில் நுழைந்தால் இரண்டாண்டு நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவம் போட வேண்டும். ஆர்.எஃப்.இ.யால் தாமதமான கேஸ்களில் இரண்டாம் ஆண்டு நிறைவு பெரும்பாலும் பக்கத்தில் வந்திருக்கும். சில வாரம் தள்ளி விமானம் ஏறினால் பத்தாண்டு கார்டே கிடைத்துவிடும். விசாவில் சி.ஆர்.1 (நிபந்தனைக் கார்டுக்கான பிரிவு) என்று இருந்தாலும், இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது என்று நுழையும் விமான நிலையத்து அதிகாரியிடம் சொல்லி ஐ.ஆர்.1 (பத்தாண்டு கார்டுக்கான பிரிவு) என்று மாற்றிக் குறிக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்டர்வியூ. சென்னை அண்ணா சாலைக் கான்சுலேட் என்று நினைத்து பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யாதீர்கள். இந்தியாவில் குடியேற்ற விசா இன்டர்வியூ மும்பையில். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில். மும்பைக்கு ரயிலில் போவதானால், கடிதம் வந்ததும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.